பழுதுபெட்டிக்காரி

டுலூத், பிப்ரவரி. மைனஸ் பத்தொன்பது.
மண்டபத்துக்குப் பின்னால் ஏரி
அடித்து வைத்த தகரம் மாதிரிக் கிடக்கிறது.
வேனின் பின்கதவைத் திறந்து வைத்து
ஒன்பது பேருக்கு முதுகு பூட்டுகிறேன்.
அவர்கள் சாம்பல் பேரரசின் மெய்க்காவல் படை.
நான் யாருமில்லை.
என் கையில் பழைய தூண்டில் பெட்டி.
அதில் பசைத் துப்பாக்கி, ஊக்கு, வெல்க்ரோ,
கறுப்பு நாடா, வளைகிற உறிஞ்சுகுழல்கள்,
இரும்பாக நடிக்கும் நுரை ரப்பரில்
உடைந்தால் ஒட்ட நாலு துண்டு.

வாசலில் ஆயுதச் சோதனை.
பல்லில் கம்பி கட்டிய ஒரு பெண்
அட்டைக் கோடரியைத் தட்டிப் பார்த்து
ஆரஞ்சு நாடா கட்டுகிறாள்.
"கூர் இல்லை" என்று நோட்டில் எழுதுகிறாள்.
நான்கு மாதம் அந்தக் கூரைத் தீட்டியவர் வெர்லின்.
நல்லவேளை, முகம் கவசத்துக்குள் இருந்தது.

உள்ளே போனபின் அவர்களுக்குக் கண் நான்.
"இடது பக்கம். ரெண்டு படி. குழந்தை. நில்."
கொடுங்கோலர்களுக்கு உட்கார வராது.
நிற்க வைத்தே தண்ணீர் காட்டுகிறேன்,
கண்துளை வழியாகக் குழலை விட்டு.
இஃப்ரா மட்டும் குளிர்ச்சியாக இருக்கிறாள்.
முக்காட்டின் மேல் கவசம் கச்சிதமாம்.
மற்றவர்களுக்கு மண்டை அரிக்கிறது,
சொறிய வழியில்லை.
கெட்டவனுக்கு எங்கே அரிக்கும் என்று
எந்தக் கதையும் சொல்வதில்லை.

இரண்டு மணிக்குப் பேரரசர் வருகை.
புகை இயந்திரம்,
பாதி விலைக்கு வாங்கியது, என் யோசனைதான்,
முதலில் தும்மியது.
பிறகு நிறுத்தத் தெரியாமல் பொழிந்தது.
கூரையில் சிவப்பு விளக்கு.
அப்புறம் அந்த ஓலம்.

நெல்லிக்காய் மூட்டையை அவிழ்த்தது போல
நாலாயிரம் பேர் பனியில்.
உலகைக் காக்க வந்தவர்கள் எல்லோரும்
மெல்லிய துணியில் வந்திருந்தார்கள்.
வெறும் தோள்கள், வலைக் கையுறைகள்,
கம்பிச் சிறகோடு ஒரு தேவதை
பல் கிட்டித்து நின்றாள்.
நுரை ரப்பர் குளிர் தாங்கும்.
யாரும் ஆணையிடவில்லை.
பா ஹுவா தன் மேலங்கியை அவிழ்த்தாள்,
பதினோரு கெஜம், அவளே தைத்தது,
ஐந்து நாயகர்களை ஒன்றாகச் சுற்றினாள்.
பிறகு எட்டு மேலங்கிகள்.
பேரரசு அன்று
கூடாரமாக இருந்தது கொஞ்ச நேரம்.

தீயணைப்பு வண்டியிலிருந்து இறங்கியவர்
"இங்கே யார் பொறுப்பு?" என்றார்.
எல்லா விரலும் பேரரசரை நோக்கின.
ஏழடி உயரம், கொம்பு வைத்த முடி.
உள்ளிருந்து ஒரு குரல்: "புகை எங்களுடையதுங்க."
அவர் காதைச் சாய்த்தார்.
"ஆர்லோ? பனி வண்டி ஆர்லோ கிவெலாவா?
செவ்வாய்க்கிழமை என் வாசலை
இடுப்புயரம் மூடிவிட்டுப் போனது நீதானே?"
இதுவரை வந்த இதழ்களில் எதிலும் நடக்காதது:
பேரரசர் தலை குனிந்தார்.
குனிந்ததில் இடது கொம்பு ஒடிந்தது.

குளிரில் பசை பிடிக்காது.
துப்பாக்கியை என் கோட்டுக்குள் வைத்து,
ஜெனரேட்டர் வேனில் செருகிச் சூடாக்கி,
ஏணி மேல் அந்தத் தீயணைப்பாளர்
கொம்பைப் பிடித்துக்கொள்ள
ஒட்டினேன்.
நுனியில் ஒரு சொட்டு ஆவி பறந்தது.
யாரோ படம் எடுத்தார்கள்.
படத்தில் என் முழங்கை இருக்கிறது.

மறுபடி உள்ளே விட்டபோது
பல்லில் கம்பி கட்டியவள் என்னை மறித்தாள்.
பெட்டியைத் திறக்கச் சொன்னாள்.
துப்பாக்கியை விரலால் தொட்டு
சட்டென்று இழுத்துக்கொண்டாள்.
விரலை வாயில் வைத்தபடி
மற்றக் கையால் நோட்டைப் புரட்டினாள்,
அதற்கு அங்கே பத்தி இல்லை.
கடைசியில் ஆரஞ்சு நாடாவை
இரண்டு சுற்று, இறுக்கி,
முடிச்சுப் போட்டாள்.